மஞ்சள் மூட்டை

புங்கந்தோப்பு மடத்துக்கு மேற்கே அனல்மின் நிலையம் இருக்கிறது. நடுவில் சாம்பல் குளம். பேர்தான் குளம். தண்ணீர் வற்றிய மாதங்களில் அது வெறும் சாம்பல் வெளி. மேற்கே காற்று எழுந்தால் அங்கிருந்து கிளம்பும் சாம்பல் மடத்து வாழை இலைகளில் வந்து உட்காரும்.

அந்த மடத்தில் சின்னச்சாமி என்று ஒரு குரு இருந்தார். அவருடைய குருவைப் பெரியசாமி என்று கூப்பிட்டார்கள். அதனால் இவர் சின்னச்சாமி ஆனார். அவருக்கு வேதகிரி என்று ஒரு சீடர். குருவைவிடச் சீடருக்கு வயது அதிகம். கொத்தனார் வேலையில் தலை நரைத்து, மனைவி போன பிறகு மடத்துக்கு வந்து சேர்ந்தவர். குரு அவரை மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவார்.

வேதகிரிக்குக் கோபம் வந்தால் போகாது. சிலருக்கு அது பால் போலப் பொங்கி அடங்கும். இவருக்குத் தளம் போட்ட மாதிரி, நாளாக ஆக இறுகும். மறக்கிறவனைத்தான் ஊர் மெச்சுகிறது. மறக்காதவனுக்கும் ஒரு நியாயம் இருக்கும் என்று யாரும் உட்கார்ந்து கேட்பதில்லை.

வேதகிரியின் நியாயம் இது. அவருக்கு ஒரு மல்லித் தோட்டம் இருந்தது. மொட்டில் சாம்பல் படிந்ததால் பூக்கடைக்காரர்கள் வாங்க மறுத்தார்கள். தோட்டம் போயிற்று. பிறகு மனைவி கன்னியம்மாளுக்கு இருமல் வந்தது. இருமி இருமியே போய்ச் சேர்ந்தாள். அவள் இருமிக்கொண்டிருந்த நாளிலேயே அவள் தம்பி தாமோதரன் ஒரு லாரி வாங்கினான். இடுப்பில் தூக்கி அவள் வளர்த்த தம்பி. அந்த லாரியில் அவன் ஏற்றியது சாம்பல்.

கன்னியம்மாள் செத்த அன்று தாமோதரன் பிறந்த வீட்டுக் கோடியோடு வந்தான். உடன்பிறந்தவன் கொண்டுவரும் புதுப்புடவையைப் போர்த்திய பிறகுதான் ஒரு பெண்ணை வாசல் தாண்டித் தூக்க வேண்டும். அது முறை. வேதகிரி அவனை வாசலிலேயே மறித்தார்.

"உன் கையில சாம்பல் இருக்குது. அவளைத் தொடாதே."

தாமோதரன் புடவையோடு திரும்பிப் போனான். கோடி இல்லாமலே கன்னியம்மாள் வாசல் தாண்டினாள். மாமனுக்கும் மச்சானுக்கும் அன்றோடு பேச்சு நின்றது.

ஒரு நாள் காலையில் வேதகிரி வாழை இலைகளை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். குரு பக்கத்தில் வந்து நின்றார்.

"சாமி, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"தினமும் துடைக்கிறேன். தினமும் வந்து விழுது. இந்தச் சாம்பலை என்னதான் செய்யறது?"

குரு இலையில் ஒரு விரலை வைத்து இழுத்தார். நுனியில் ஒட்டியதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

"சாப்பாட்டுக் கூடத்துக்கு மேல்தளம் போடணும்னு சொன்னீங்களே மேஸ்திரி. குருபூஜைக்குள்ள ஆகுமா?"

"இப்பவே தொடங்கினா ஆகும். நான் கேட்டதுக்கு பதில் வரலையே?"

"சிமெண்டுல நாலுல ஒரு பங்கைக் குறைச்சிடுங்க. அந்த இடத்துக்குச் சாம்பலைப் போடுங்க."

வேதகிரியின் கையிலிருந்த துணி கீழே விழுந்தது.

"சாமி விளையாடறீங்களா?"

"மின் நிலையத்துலேருந்து ஒரு இன்ஜினியர் வந்திருந்தாரில்ல, அவர் சொன்னார். குளத்துச் சாம்பல் ஆகாதாம். புகையிலேயே பிடிக்கிறாங்களாமே, மாவு மாதிரி, அதுதான் வேணுமாம். சிமெண்டு நனைஞ்சா கொஞ்சம் சுண்ணாம்பைக் கக்குமாம். அது யாருக்கும் உதவாம கிடக்குமாம். சாம்பல் மெதுவா அதைத் தின்னு கல்லாகுமாம். அவசரப்படாம தண்ணி காட்டினா போதுமாம்."

"அந்த இன்ஜினியர் அதுக்கு அடியில உக்காந்து சாப்பிடுவாரா?"

"கூப்பிட்டா வருவார்."

"சாம்பலை யார் கொண்டாருவா?"

"உங்க மச்சான்தான்."

வேதகிரி குனிந்து துணியை எடுத்தார். உதறினார்.

"அவனை மன்னிக்கச் சொல்றீங்களா?"

"தளம் போடச் சொன்னேன்" என்றார் குரு.

மடத்துக்கு வந்த நாளிலிருந்து குரு சொன்னதை வேதகிரி தட்டியதில்லை. இதையும் தட்டவில்லை. ஆனால் அன்று அவர் சாப்பிடவில்லை.

தார்ப்பாய் போட்டு மூடிய லாரி சில நாட்களில் வந்து நின்றது. தாமோதரன் இறங்கினான். அவனுக்கும் இப்போது மீசை நரைத்திருந்தது. வேதகிரி வேலியோரம் நூல் பிடித்துக்கொண்டிருந்தார்.

"பூங்காவனம்" என்றான் தாமோதரன். அவள் வேதகிரியிடம் வெகுகாலம் சித்தாள் வேலை பார்த்தவள். "மூட்டையை எங்க இறக்கறதுன்னு மேஸ்திரியைக் கேளு."

"பூங்காவனம், கொட்டகைக்குப் பின்னால இறக்கச் சொல்லு. காத்து படாத இடமா பாக்கச் சொல்லு."

"காத்து படாதுன்னு சொல்லு. நல்லா கட்டித்தான் கொண்டாந்திருக்கேன்."

பூங்காவனம் இடுப்பில் கை வைத்தாள்.

"ரெண்டு பேரும் ஒரு கயிறு தூரத்துல நிக்கறீங்க. நடுவுல நான் என்ன தபால்காரியா?"

யாரும் சிரிக்கவில்லை. மூட்டைகள் இறங்கின. லாரி போயிற்று.

சிமெண்டும் இன்ஜினியர் சொன்ன இடத்திலிருந்தே வந்தது. வெள்ளை மூட்டை. வேதகிரி ஒரு சிட்டிகை எடுத்து விரல்களுக்கு நடுவில் தேய்த்தார். மோந்து பார்த்தார். அவருக்குப் பிடிக்கவில்லை.

"நிறமே சரியில்ல" என்றார்.

அவருக்குத் தெரிந்த சிமெண்டு ஒன்றுதான். மஞ்சள் மூட்டை. பள்ளிக்கூடத்து வராந்தா, ஊர்த் தண்ணீர்த் தொட்டி, மகள் வீடு எல்லாம் மஞ்சள் மூட்டையில் கட்டியவை. வேறு மூட்டை வந்தால் வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்துகொள்வார். கன்னியம்மாளைப் புதைத்த இடத்தில் மேடை கட்டியதும் அதில்தான். அவள்மேல் இனி ஒரு பொட்டுச் சாம்பல் படக்கூடாது என்று, மணலைக் கழுவிக் காயவைத்து, கண்ணாடி போல இழைத்துப் பூசினார். அந்த ஒரு வேலைக்கு அவர் கையாள் யாரையும் சேர்க்கவில்லை.

தளம் போடுவதற்கு முந்தின நாள் வேதகிரி டவுனுக்குப் போனார். சில மஞ்சள் மூட்டைகளை வாங்கிவந்து கோணியால் மூடி வைத்தார். குருவிடம் சொல்லவில்லை.

மறுநாள் கலவை மெஷின் ஓடியது. ஜல்லியும் மணலும் வெள்ளை மூட்டையும் சாம்பலும் உள்ளே போயின. பாண்டுச் சட்டிகளில் கலவை மேலே ஏறியது. கிழக்கு மூலைக்கு வந்தபோது வேதகிரி கையைக் காட்டி நிறுத்தினார்.

"பூங்காவனம், இந்த மூலைக்குச் சாம்பல் வேணாம். கோணிக்கு அடியில இருக்கிற மூட்டையைப் பிரி."

"ஏன் மேஸ்திரி?"

"சாமி உக்கார்ற இடம்."

பூங்காவனம் மூட்டையைப் பிரித்துக் கொட்டினாள்.

"அப்போ சாமி மட்டும் தப்பிச்சார்னு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டுப் பாண்டைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அந்தச் சொல் வேதகிரியின் காதிலேயே தங்கிவிட்டது.

தளத்தின் மேலே பாத்தி கட்டித் தண்ணீர் நிறுத்தினார். காய்ந்த இடத்தில் குடம் குடமாக ஊற்றினார். சில நாள் கழித்து ஓர் ஆணியை எடுத்துச் சாம்பல் போட்ட பக்கத்தில் கீறினார். ஆணி இறங்கியது. பொடி வந்தது. உள்ளங்கையில் அதை ஏந்திக்கொண்டு குருவிடம் ஓடினார்.

"பாருங்க சாமி. நான் சொன்னேனா இல்லையா?"

குரு பொடியைப் பார்த்தார்.

"தண்ணி காட்டினீங்களா?"

"காட்டினேன்."

"இன்னும் காட்டுங்க."

மறுபடி கீறினார். மறுபடி போனார்.

"தண்ணி காட்டினீங்களா?"

"காட்டிக்கிட்டேதான் சாமி இருக்கேன்."

"இன்னும் காட்டுங்க."

கிழக்கு மூலையை மட்டும் அவர் கீறிப் பார்க்கவில்லை. நம்பினதை யார் கீறிப் பார்ப்பார்கள்?

நாட்கள் போயின. ஆணி இறங்குவது நின்றது. ஆனால் வேதகிரியின் மனம் நிற்கவில்லை. தளம் விழுந்தால் தன் நியாயம் ஜெயிக்கும். ஊரே வந்து, நீ சொன்னது சரி மேஸ்திரி என்று சொல்லும். இதை நினைக்கும்போது அவருக்கு உள்ளே ஒரு இனிப்பு ஊறும். அடுத்த கணமே அந்தத் தளத்துக்கு அடியில் இலை போட்டு உட்கார்ந்திருக்கும் ஜனம் கண்ணுக்குத் தெரியும். கைக்குழந்தையோடு வருகிறவர்கள் தெரிவார்கள். ஊறிய இனிப்பு கசந்துவிடும்.

குருபூஜைக்கு முந்தின நாள் முட்டுப் பிரித்தார்கள். தளத்தைத் தாங்கி நின்ற சவுக்குக் கம்புகளைச் சுவரோரத்திலிருந்து அல்ல, நடுவிலிருந்து எடுக்க வேண்டும் என்று கூட இருந்தவன் சொன்னான். வேதகிரியும் அப்படித்தான் எடுக்கச் சொன்னார். ஆனால் கூடத்தின் மையத்தில் ஒரு கம்பை மட்டும் விட்டுவைத்தார். அவர் வேலை கற்ற கூட்டத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கடைசி முட்டுக்கம்பை மேஸ்திரியே தட்ட வேண்டும். தட்டும்போது தளத்துக்கு அடியில்தான் நிற்க வேண்டும். அவர் போட்ட தளம் ஒவ்வொன்றுக்கும் அப்படித்தான் நின்றிருக்கிறார். ஒரு நாளும் தலையைத் தூக்கிப் பார்த்ததில்லை.

இன்று பார்த்தார்.

சுத்தியலைத் தூக்கினார். கை இறங்கவில்லை. வெளியே வந்து குருவின் முன்னால் நின்றார். முற்றத்தில் பூங்காவனமும் வேறு சில பெண்களும் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

"சாமி, ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"என்ன மேஸ்திரி?"

"நீங்க உக்கார்ற மூலைக்குச் சாம்பல் கலக்கலை. மஞ்சள் மூட்டை வாங்கியாந்து போட்டேன். உங்க தலையில விழக்கூடாதுன்னு."

குரு அதைக் கேட்டுக்கொண்டார்.

"மத்த இடத்துல யார் உக்காருவாங்க?"

 வேதகிரியின் முகம் சுருங்கிப் போயிற்று.

"இடிச்சிடறேன் சாமி. நாளைக்கு ஜனம் மரத்தடியில சாப்பிடட்டும். பூஜை முடியட்டும், முழுசையும் இடிச்சிட்டு மஞ்சள் மூட்டையிலேயே திரும்பப் போட்டுத் தரேன். கூலி வேணாம், ஒண்ணும் வேணாம். என்னால அந்தக் கடைசி முட்டுக்கம்பைத் தட்ட முடியலை."

அந்த நேரத்தில் தாமோதரன் பூஜைக்கு வாழை இலைக் கட்டுகளை இறக்கிக்கொண்டிருந்தான். தோளில் கட்டோடு நின்றுவிட்டான். பூங்காவனம் ஒரு காலி மூட்டையை விரித்து அதன்மேல் உட்கார்ந்திருந்தாள். அதைக் காட்டினான்.

"சாமி, மேஸ்திரிகிட்ட ஒண்ணு கேளுங்க. மஞ்சள் மூட்டைன்னு அவர் சொல்றது இதையா?"

"அதைத்தான்னு சொல்லுங்க சாமி" என்றார் வேதகிரி, மரத்தைப் பார்த்துக்கொண்டு.

"இது எங்கேருந்து வருதுன்னு அவருக்குத் தெரியுமா, கேளுங்க."

"கம்பெனியிலேருந்து வருதுன்னு சொல்லுங்க."

"கம்பெனிக்கு என்ன போகுதுன்னு கேளுங்க."

"ஐயோ, நேராத்தான் பேசித் தொலைங்களேன்!" என்றாள் பூங்காவனம். "உங்களுக்கு நடுவுல நாங்க எத்தனை பேர்தான் மாட்டுவோம்? இப்போ சாமியும் தபால்காரராயிட்டார்."

தாமோதரன் இலைக்கட்டை இறக்கி வைத்தான்.

"என் லாரிதான் சாமி போகுது. இங்கேருந்து சாம்பல் ஏத்திக்கிட்டுப் போய் அங்கதான் கொட்டறேன். அதைச் சேர்த்து அரைச்சுதான் இந்த மூட்டையைக் கட்டறாங்க. இங்க வந்த வெள்ளை மூட்டை வெறும் சிமெண்டு. அதுல இவர் கையால சாம்பல் கலந்தார். மஞ்சள் மூட்டையில மெஷின் கலந்திருக்கு. அவ்வளவுதான் வித்தியாசம். ரெண்டும் ஏறக்குறைய ஒரே பங்கு."

"பொய்" என்றார் வேதகிரி.

குரு பூங்காவனத்தை எழுப்பினார். மூட்டையைத் திருப்பி, ஓரத்தில் இருந்த பொடி இங்கிலீஷ் எழுத்தைக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய் எழுத்துக்கூட்டிப் படித்தார். அவர் முகத்திலும் வியப்பு வந்தது. அவருக்கும் இது புதிது.

"சாம்பல் சேர்த்ததுன்னுதான் மேஸ்திரி போட்டிருக்கு."

வேதகிரி மூட்டையை வாங்கினார். அவருக்கு அந்த எழுத்து தெரியாது. இருந்தாலும் வெகுநேரம் பார்த்தார். பிறகு தலையைத் திருப்பி, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாகத் தாமோதரனின் முகத்தைப் பார்த்தார்.

"எப்போலேர்ந்து?"

தாமோதரனுக்கு அந்தக் கேள்வி தன்னிடம்தான் வந்தது என்று புரியக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"என்ன மாமா?"

"எப்போலேர்ந்துடா அங்க கொண்டு போறே?"

"அக்கா இருக்கும்போதே போறேன் மாமா."

வேதகிரி அங்கேயே மணலில் உட்கார்ந்தார். மழையும் புயலும் பார்த்த தண்ணீர்த் தொட்டி அவர் கண்ணுக்குள் வந்தது. பிள்ளைகள் ஓடியாடும் பள்ளிக்கூடத்து வராந்தா வந்தது. மகள் வீட்டு மாடி வந்தது. அங்கே பேரப்பிள்ளைகள் குதிக்கிற குதியில் கீழே பாத்திரம் அதிரும். எதிலும் ஒரு விரிசல் இல்லை. ஊரில் பாதி அவர் போட்ட தளத்துக்கு அடியில்தான் தூங்குகிறது. பாதி ஊரும் சாம்பலுக்கு அடியில் தூங்கிக்கொண்டிருக்கிறது.

அவருக்குச் சிரிப்பு வந்தது. முதலில் மூக்கில் வந்தது. பிறகு தோள் குலுங்கியது. பல நாளாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த ஏதோ ஒன்று இறங்கி ஓடிய மாதிரி இருந்தது.

"நிறமே சரியில்லைன்னேனே சாமி" என்றார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "வெறும் சிமெண்டை இத்தனை வருஷம் நான் கண்ணாலயே பாத்ததில்ல போலிருக்கு!"

சுத்தியலை எடுத்துக்கொண்டு எழுந்தார். கூடத்துக்குள் போய்க் கடைசி முட்டுக்குப் பக்கத்தில் நின்றார். குருவும் உள்ளே வந்து அவருக்கு அருகில் நின்றார்.

"சாமி, உங்க மூலைக்குப் போங்க."

"எது என் மூலை?" என்று கேட்டார் குரு.

வேதகிரி முட்டுக்கம்பைத் தட்டினார். கம்பு சாய்ந்து தரையில் விழுந்தது. கூடம் முழுக்கச் சத்தம் போய்த் திரும்பி வந்தது. தளம் நின்றது. குருவின் மொட்டைத் தலையில் ஒரு சிட்டிகைப் பொடி மட்டும் விழுந்தது. வெளியே பூங்காவனம் குலவையிட்டாள்.

மறுநாள் குருபூஜை. சுற்றுப்பட்டு ஊர்கள் எல்லாம் வந்தன. பந்திக்கு மேல் பந்தி நடந்தது. குரு கிழக்கு மூலைக்குப் போகாமல் நடுக்கூடத்தில் ஜனத்தோடு உட்கார்ந்து பரிமாறச் சொன்னார். ஒரு குழந்தை அவர் இலையிலிருந்த அப்பளத்தை எடுத்துக்கொண்டு ஓடியது. வேதகிரி சாம்பார் வாளியோடு தளத்துக்கு அடியில் குறுக்கும் நெடுக்கும் நடந்தார். ஒரு தடவைகூட மேலே பார்க்கவில்லை.

கூட்டம் கலைந்த பிறகு கடைசிப் பந்தியில் வேதகிரிக்கு இலை போட்டார்கள். குரு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். வாசற்படியில் தாமோதரன் நின்றான். உள்ளே வரவும் இல்லை. போகவும் இல்லை.

வேதகிரி சோற்றைப் பிசைந்தார். வாய்க்குக் கொண்டுபோகவில்லை.

"சாமி."

"சொல்லுங்க."

"சாம்பல் குளத்து மேல எனக்குக் கோபம் போகலை."

"அது ஏன் போகணும்? நாளைக்கும் இலையில வந்து விழத்தானே போகுது."

"சரி. இன்னொண்ணு கேக்கணும்."

"கேளுங்க."

"அவ மேடைக்கும் மஞ்சள் மூட்டைதான் போட்டேன். ஒரு பொட்டுச் சாம்பல் அவ மேல படக்கூடாதுன்னு, மணலைக் கழுவிப் போட்டேன். கடைசியில இவன் லாரியில ஏத்தினதைத்தானே அவ மேல போட்டிருக்கேன்?"

குரு நிமிர்ந்தார். வாசற்படியில் நின்றவனை ஒரு முறை பார்த்தார்.

"அப்போ பிறந்த வீட்டுக் கோடி அவங்களுக்கு வந்து சேர்ந்துடுச்சு, மேஸ்திரி. உங்க கையாலதான் போர்த்தியிருக்கீங்க."

வேதகிரி வாசற்படியைப் பார்த்தார். பந்திப் பாயில் கொஞ்சம் நகர்ந்து, பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடம் விட்டு உட்கார்ந்தார்.